மடித்த காகிதமும் முடைந்த கூடையும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு வார காலம் நம் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமற் போயிற்று. பழைய நாட்காட்டித் தாள்களும், கலியாணப் பத்திரிகைகளும், கடையில் வாங்கிய வர்ணக் காகிதங்களும் ஒரு பக்கம். மூங்கிற் சிம்பும் பனையோலையும் மற்றொரு பக்கம். நடுவில் நாமும் நம் தமக்கையின் மகளும் உட்கார்ந்திருந்தோம். பெண்ணுக்கு வயது 13. பள்ளிக்கூடப் பரீட்சையில் க்ஷேத்திர கணிதத்தில் அவள் வாங்கி வந்த மார்க்கை இங்கே வெளியிடுவது நாகரிகமாகாது. "விடுமுறையில் இவளுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் கொடு" என்று தமக்கை அவளை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தோம்.

முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார்.

"என்ன இது, கப்பல் பட்டறையா?" என்றார்.

"கணக்குப் பாடம், ஐயா" என்றோம்.

"கணக்கா! நானும் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தேற்றம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளாவது காகிதத்தைக் கசக்கியதுண்டா? இது கைவேலை, ஐயா, கைவேலை. பெண்ணுக்கு மறுபடியும் பரீட்சை வருகிறது. அவள் பொழுதை வீணாக்காதேயும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக் கொண்டார்.

அந்த வார்த்தை நமக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னது உண்மையாயிருந்தால் தமக்கையின் முகத்தில் விழிப்பது எப்படி? ஆகவே, இந்த வித்தையின் பூர்வோத்தரத்தை முதலில் விசாரித்துத் தீர்ப்பது என்று துணிந்தோம். விசாரித்த வரையில் கிடைத்ததை வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

காகிதம் மடிப்பதென்றால் எல்லோருக்கும் ஜப்பான் தேசமே நினைவுக்கு வரும். 'ஒரிகாமி' என்ற சொல்லே அந்தப் பாஷையினுடையது. 'ஒரி' என்றால் மடிப்பு. 'காமி' என்றால் காகிதம். ஆனால் காகித மடிப்பைக் கணித சாஸ்திரத்துக்குள் கையைப் பிடித்து அழைத்து வந்த புத்தகங்களில் முக்கியமான ஒன்று, நமது சென்னைப் பட்டணத்தில், 1893-ஆம் வருஷத்தில், அடிஸன் கம்பெனியாரால் பிரசுரிக்கப்பட்டது என்பது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் ஆசிரியர் தண்டலம் சுந்தர ராவ் என்பவர். கலாசாலைப் பேராசிரியர் அல்லர். சென்னை மாகாணத்து ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். நிலவரியும் பட்டாவும் ஜமாபந்தியும் போக மிஞ்சிய நேரத்தில் அவர் காகிதத்தை மடித்துக் கொண்டிருந்தார் போலும்! 'காகித மடிப்பில் க்ஷேத்திர கணித அப்பியாசங்கள்' என்று தமிழில் சொல்லத்தக்க பெயருடன், ஆங்கிலத்தில் அந்நூலை அவர் எழுதினார்.

இந்த யோசனை தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை அவரே முகவுரையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். கிண்டர்கார்ட்டன் பள்ளிகளில் சின்னஞ் சிறு குழந்தைகளின் கையில் கொடுக்கும் விளையாட்டுச் சாமான்களில் எட்டாவது, வர்ணச் சதுரக் காகிதங்கள் 200 கொண்ட கட்டு. அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் உதித்ததாம். அளவுகோல் வேண்டாம், காம்பஸ் வேண்டாம். ஒரு பேனாக்கத்தியும் துண்டுக் காகிதமும் போதும் என்கிறார். கோணல் மாணலான ஒரு காகிதத்தைச் சதுரமாக்குவதில் தொடங்கி, சமபுஜ முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம், பதினைங்கோணம் என்று வரிசையாக ஏறி, கூட்டுத் தொடர் பெருக்குத் தொடர்களுக்குப் போய், முடிவில் கூம்பு வெட்டு வளைவுகள் வரையில் எல்லாவற்றையும் மடித்தே காட்டிவிடுகிறார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நேர்கோடு போடுவதற்கு நாம் அளவுகோலை நம்புகிறோம். அந்த அளவுகோல் நேரானது என்பதற்கு யார் சாட்சி? மற்றோர் அளவுகோல்! காகிதத்தை மடித்தாலோ மடிப்புத் தானே நேராக விழுகிறது. ஒரு மூலையை மற்றொரு மூலையின் மேல் வைத்து மடித்தால், அவ்விரண்டுக்கும் நடுவே செங்குத்துக் கோடு பிறந்து விடுகிறது. சம தூரம் என்பதையும் செங்கோணம் என்பதையும் குழந்தை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதைக் கண்ணால் பார்க்கிறது, நகத்தால் தேய்க்கிறது.

ஜெர்மனி தேசத்தில் பெலிக்ஸ் கிளைன் என்று ஒரு மகா கணித மேதை இருந்தார். 1895-ல் அவர் வெளியிட்ட பிரசங்கங்களில் சுந்தர ராவின் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அவர் குறிப்பிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவில் பீமன், ஸ்மித் என்ற இரு பேராசிரியர்கள் 1901-ல் அதைப் புதுப்பித்து, மடித்த காகிதங்களின் புகைப்படங்களையும் சேர்த்து வெளியிட்டார்கள். அதன் பிறகு பலமுறை அச்சாகி இன்று வரையில் அது விலைபோய்க் கொண்டிருக்கிறது. நம் ஊர் அறிவாளியை நாம் அறிவதற்கு, ஜெர்மானியர் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது! இது புதிய கதையன்று. ஆகையால் இதற்கு மேல் புலம்பாமல் விஷயத்துக்கு வருவோம்.

சுந்தர ராவ் ஓர் இடத்தில் தவறினார். ஒரு கன சதுரத்தின் பருமனை இரட்டிப்பாக்க, அதன் பக்கத்தை எவ்வளவு நீட்ட வேண்டும்? 2-இன் கனமூலம், அதாவது சுமார் 1.26 மடங்கு. கிரேக்க தேசத்தில் பழங்காலத்திலேயே எழுந்த கேள்வி இது. அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு இந்த நீளத்தை வரைய முடியாது என்பது 1837-ல் நிரூபணமாகிவிட்டது. காகித மடிப்பாலும் கனமூலத்தைச் சரியாகப் பெற முடியாது என்ற கருத்தே சுந்தர ராவின் புத்தகத்தில் தொனிக்கிறது. நியாயமான எண்ணந்தான். கோலும் காம்பஸும் செய்வதையெல்லாம் காகிதம் செய்கிறது என்று கண்டவர், அவை செய்யாததைக் காகிதமும் செய்யாது என்று நினைத்ததில் வியப்பில்லை.

43 வருஷங்களுக்குப் பிறகு, 1936-ல், இத்தாலி தேசத்தில் பெராரா சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்கெரிட்டா பெலோக் என்ற கணிதப் பேராசிரியை அந்தக் கதவைத் திறந்தார். ஒரு புள்ளியை ஒரு கோட்டின் மேல் வைத்து மடிப்பது ஒன்று. இரண்டு புள்ளிகளை ஒரே சமயத்தில் இரண்டு கோடுகளின் மேல் வைத்து, ஒரே மடிப்பாக மடிப்பது வேறொன்று. காகிதத்தை மெல்ல நகர்த்தி, இரண்டும் பொருந்தும் நிலையைக் கண்டுபிடித்து நகத்தை ஓட்ட வேண்டும். இந்த இரண்டாவது மடிப்பை அனுமதித்தால் மூன்றாம் படிச் சமன்பாடுகளையெல்லாம் தீர்த்துவிடலாம் என்று அந்த அம்மையார் காட்டினார்.

காரணம் இதுதான். ஒரு காகிதத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக் கொண்டு, காகிதத்தின் கீழ் ஓரத்தை அப்புள்ளியின் மேல் படும்படி முப்பது நாற்பது முறை வெவ்வேறு சாய்வில் மடித்துப் பிரித்துப் பாருங்கள். மடிப்புகளெல்லாம் கூடி ஒரு வளைவைச் சூழ்ந்து நிற்கும். எறிந்த கல் வானத்தில் போகும் பாதையாகிய பரவளைவு அது. ஒவ்வொரு மடிப்பும் அதைத் தொட்டுச் செல்லும் தொடுகோடு. இரண்டு புள்ளி, இரண்டு கோடு என்றால் பரவளைவு இரண்டு. ஒரே மடிப்பு இரண்டையும் தொட வேண்டும். அப்படிப்பட்ட பொதுத் தொடுகோட்டைத் தேடும்போது, விடை மூன்றாம் படிக்கு ஏறிவிடுகிறது.

வாசகர்கள் இதை நம் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரக் காகிதம் ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். முதலில் அதை மூன்று சமபாகமாக்க வேண்டும். அளவுகோலைத் தேடாதீர்கள்! ஜீவ சாஸ்திரம் படித்த கஸுவோ ஹாகா என்ற ஜப்பானியர் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. வலது கீழ் மூலையைத் தூக்கி, மேல் ஓரத்தின் நட்ட நடுவில் வைத்து மடியுங்கள். கீழ் ஓரம் சாய்ந்து போய் இடது ஓரத்தை வெட்டும் இடம், சரியாகக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். மூலைகளில் உண்டாகும் முக்கோணங்களின் பக்கங்கள் 3, 4, 5 என்ற விகிதத்தில் இருப்பதைக் கணக்குப் போட விரும்புவோர் போட்டுக் கொள்ளலாம். அந்த இடத்தை வைத்துக் கொண்டு படுக்கை வாட்டில் இரண்டு மடிப்பிட்டுக் காகிதத்தை மூன்று பட்டையாக்கிப் பிரித்து விடுங்கள்.

இனிமேல்தான் பெலோக் அம்மையாரின் மடிப்பு. வலது கீழ் மூலை இடது ஓரத்தின் மேல் எங்காவது பட வேண்டும். அதே சமயத்தில், வலது ஓரத்தில் கீழ் மடிப்புத் தொடங்கும் புள்ளி, மேல் மடிப்பின் மேல் வந்து படிய வேண்டும். இரண்டும் பொருந்தியதும் அழுத்தி மடித்து, மூலை பட்ட இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிக்குக் கீழே உள்ளது சுமார் 8.85 சென்டிமீட்டர், மேலே உள்ளது சுமார் 11.15. சிறியதைப் பக்கமாகக் கொண்ட கன சதுரத்துக்கும் பெரியதைப் பக்கமாகக் கொண்ட கன சதுரத்துக்கும் பருமன் விகிதம் ஒன்றுக்கு இரண்டு. பல்லாயிரம் பேர் கோலும் காம்பஸும் வைத்துக் கொண்டு தலையை உடைத்துக் கொண்ட விஷயம், ஒரு மடிப்பில் முடிந்தது.

நம் கூடத்தில் இது முதலில் முடியவில்லை. நாம் மடித்ததில் 8.5-ம் 11.5-ம் வந்தது. பெண் மடித்ததில் 8.8-ம் 11.2-ம் வந்தது. விரல் சின்னதாயிருப்பதும் ஒரு சௌகரியந்தான் என்று சமாதானம் சொல்லிக் கொண்டோம்.

மூன்றாம் நாள் சிற்பத்துக்குப் போனோம். ஒரே காகிதத்தில் கொக்கும் தவளையும் செய்வது பழைய முறை. பல காகிதங்களை ஒரே மாதிரி மடித்து, பசையின்றி ஒன்றில் ஒன்றைச் செருகிப் பெரிய உருவங்கள் கட்டுவது, இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவிய முறை. ஸொனோபே என்ற ஜப்பானியரின் பெயரால் வழங்கும் துண்டு அதற்குப் பேர் போனது. சதுரத்தின் இரு ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்து, எதிரெதிர் மூலைகளை உள்ளே செருகி விட்டால் ஓர் இணைகரம் கிடைக்கும். அதற்கு இரண்டு வால், இரண்டு பை. ஒன்றின் வால் அடுத்ததன் பைக்குள் போகும். மூன்று சேர்ந்தால் ஒரு கூம்பு. 6 துண்டு சேர்ந்தால் கன சதுரம். 12 சேர்ந்தால் எட்டுக் கூம்புள்ள நட்சத்திரம். 30 சேர்ந்தால் இருபது கூம்புள்ள அழகான முள்ளுருண்டை. கையில் எடுத்தால் கல்லுப் போல் இருக்கிறது. ஒட்டு என்பது ஓரிடத்திலும் இல்லை.

ஓர் எச்சரிக்கை: எல்லாத் துண்டும் ஒரே கை வாக்கில் மடித்திருக்க வேண்டும். வலக்கைத் துண்டும் இடக்கைத் துண்டும் கண்ணாடிப் பிம்பம் போல் இருக்கும், ஆனால் சேராது. நாம் பேச்சு வாக்கில் ஏழு துண்டுகளை எதிர்க் கையாய் மடித்துவிட்டு, காகிதம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக் கொண்டிருந்தோம். பெண்தான் கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு வர்ணப் பிரச்னை வந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் ஒவ்வொன்றிலும் பத்துத் துண்டு. ஒவ்வொரு கூம்பிலும் மூன்று வர்ணமும் வர வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. கண் போனபடி செருகிக் கொண்டே போனோம். முக்கால் உருண்டை முடிந்ததும் ஒரு கூம்பில் இரண்டு சிவப்பு வந்து நின்றது. பிரித்தோம். மறுபடியும் வேறோரிடத்தில் இரண்டு மஞ்சள். இரவு சாப்பாட்டுக்கு இலை போட்டு இரண்டு முறை கூப்பிட்டாயிற்று.

அப்போதுதான் டப்ளின் நகரத்து ஹாமில்டன் நினைவு வந்தது. 1857-ல் அவர் ஒரு விளையாட்டுக் கற்பித்தார். பன்னிரண்டு ஐங்கோண முகமுள்ள உருவத்துக்கு 20 மூலை உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஊர். ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, எல்லா ஊருக்கும் ஒரே முறை போய், புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். நம் உருண்டையில் கூம்புகள் 20. அவையே ஊர்கள். ஒவ்வொரு துண்டும் இரண்டு கூம்புகளை இணைக்கும் சாலை. ஊருக்கு மூன்று சாலை, மொத்தம் 30. படத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டுக் கொடுத்து, வழி கண்டுபிடி என்று பெண்ணிடம் சொன்னோம். அரை மணியில் கண்டுபிடித்துவிட்டாள். நாம் அடுத்த படியைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "மாமா, இந்த வழியிலே 20 சாலை இருக்கு. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சைன்னு மாத்தி மாத்திப் போட்டா சரியா முடிஞ்சுடும். ஊருக்கு ஒரு சாலை மிச்சம். அதெல்லாம் மஞ்சள்!" என்றாள். எவ்வளவு சுருக்கமான நிரூபணம்! க்ஷேத்திர கணிதத்தில் தோற்ற பெண் சொன்னது இது. இருபது இரட்டைப்படை எண்ணாகையால் வர்ணம் தவறாமல் வட்டம் மூடுகிறது என்பதை அவள் தனியே சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் ஒரே காகிதத்தில் ஒரு சிற்பம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை மடிக்க வேண்டும். ஒன்று மேடு, அடுத்தது பள்ளம். மூலை விட்டங்களையும் மடித்துக் கொண்டு காகிதத்தை மெல்லக் கூட்டினால், அது தானாகவே முறுக்கிக் கொண்டு குதிரைச் சேணம் போல் நிற்கும். ஜெர்மனியில் பௌஹௌஸ் என்ற புகழ் பெற்ற சிற்பப் பள்ளியில் யோசப் ஆல்பர்ஸ் 1920-களின் கடைசியில் மாணவர்களுக்கு இம்மாதிரி மடிப்புப் பயிற்சிகள் கொடுத்து வந்தார். இதில் ஒரு வேடிக்கை. எரிக் டிமெய்ன் முதலிய கணித அறிஞர்கள் 2009-ல் இந்தச் சேணத்தை ஆராய்ந்து, அந்தச் சதுர மடிப்புகளையும் மூலை விட்டங்களையும் மட்டும் கொண்டு, இழுபடாத காகிதத்தில் இப்படி ஓர் உருவமே இருக்க முடியாது என்று நிரூபித்து விட்டார்கள். மேஜை மேல் இருப்பதை இல்லை என்கிறதே சாஸ்திரம்! உண்மை என்னவென்றால், காகிதம் நம்மைக் கேட்காமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் இழுபடுகிறது, அல்லது குட்டி மடிப்புகளைத் தானே போட்டுக் கொள்கிறது.

ஐந்தாம் நாள் சந்தைக்குப் போனோம். கூடை முடையும் அம்மாள் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து, கண் விட்டுப் பின்னும் கூடை ஒன்று போட்டுக் கொண்டிருந்தார். மூங்கிற் சிம்புகள் மூன்று திசையில் ஓடுகின்றன. அவற்றின் நடுவே அறுகோணக் கண்கள். தேன்கூட்டைத் தட்டையாக விரித்தாற் போல் இருந்தது அடிப்பாகம். ஜப்பானியர் இந்தப் பின்னலுக்குக் 'ககோமே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'கூடைக் கண்' என்றுதான் அர்த்தம்.

"அம்மா, அடி தட்டையாயிருக்கிறதே, பக்கம் எப்படி எழும்புகிறது?" என்று கேட்டோம்.

"மூலையிலே ஒரு கண்ணைச் சின்னதாக்கணும், சாமி. ஆறு சிம்பு சுத்தி வர்ற எடத்திலே அஞ்சு விட்டா, தானா மேலே தூக்கிடும்" என்று சொல்லிக் கொண்டே, கையை நிறுத்தாமல் ஒரு மூலையைத் திருப்பிக் காட்டினார்.

எத்தனை இடத்தில் ஐந்து என்று எண்ணினோம். ஆறு மூலை, ஆறு ஐங்கோணக் கண். அதற்கு மேல் பக்கம் முழுவதும் அறுகோணந்தான். கூடை நேராக எழும்பிக் கொண்டே போயிற்று. பெண் அங்கேயே கேட்டாள்: "மேலேயும் இதே மாதிரி மூடினா?" மூடினால் இன்னும் ஆறு. ஆக மொத்தம் 12.

கூடை சிறியதானாலும் பெரியதானாலும், நீண்டாலும் குறுகினாலும், ஐந்தும் ஆறுமான கண்களால் முழுக்க மூடிய உருவமென்றால் ஐங்கோணம் 12-க்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதற்கு ஆதாரம் ஆய்லரின் சூத்திரம். மூலைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் எப்போதும் 2. மூலைக்கு மூன்று முகங்கள் கூடுவதாக வைத்துக் கொண்டு கணக்குப் போட்டால், ஒவ்வொரு அறுகோணமும் இந்தக் கூட்டலுக்குக் கொடுப்பது பூஜ்யம். ஒவ்வொரு ஐங்கோணமும் கொடுப்பது ஆறில் ஒரு பங்கு. ஆறில் ஒரு பங்கு எத்தனை சேர்ந்தால் 2 ஆகும்? பன்னிரண்டு. அறுகோணங்கள் எத்தனை வேண்டுமானாலும் வந்து போகலாம். தவறி ஏழு பக்கமுள்ள கண்ணை விட்டுவிட்டால் பின்னல் குவிவதற்குப் பதிலாகச் சேணம் போல் விரிந்து நெளியும். இதை நாம் சாஸ்திரத்திலிருந்து அறிந்தோம் என்று சொல்லிக் கொள்ள ஆசைதான். வீட்டுக்கு வந்து நாம் பின்னிய முதற் கூடையிலிருந்து அறிந்தோம்.

கூடைக்காரியின் இந்த ஐங்கோணம் ஒரு பெரிய பரிசு வாங்கிய வரலாறு உண்டு. 1985-ஆம் வருஷம் ஸெப்டம்பர் மாதம், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் சர்வகலாசாலையில், ஸ்மாலி, கர்ல் என்பவர்களும் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த குரோட்டோவும் மாணவர்களுமாகச் சேர்ந்து கரியை லேஸர் ஒளியால் ஆவியாக்கிச் சோதித்துக் கொண்டிருந்தார்கள். சரியாக 60 கரி அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு ஒன்று, மற்றவற்றை அடக்கிக் கொண்டு தலை தூக்கியது. அது எப்படிப்பட்ட உருவம்? கரி அணுக்கள் அறுகோணமாக அடுக்கிக் கொள்வது தெரிந்த விஷயம். ஆனால் அறுகோணத் தகடு என்றால் ஓரம் இருக்கும். ஓரத்திலுள்ள அணுக்கள் சும்மா இரா.

ஸ்மாலி இரவில் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் முயன்று பார்த்தார், சரிப்படவில்லை. பிறகு காகிதமும் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் எடுத்துக் கொண்டு அறுகோணங்களை வெட்டி ஒட்டத் தொடங்கினார். அவை குவிய மறுத்தன. தம் குழந்தைகளுக்காக முன்பு செய்த அட்டைக் கோளத்தில் ஐங்கோணங்களும் இருந்ததாகக் குரோட்டோ சொன்னது நடுநிசிக்குப் பிறகு ஞாபகம் வந்தது. ஓர் ஐங்கோணத்தை வெட்டிச் சுற்றிலும் ஐந்து அறுகோணங்களை ஒட்டினார். கிண்ணம் போல் எழும்பியது. தொடர்ந்து ஒட்டினார், உருண்டை மூடிக் கொண்டது. எண்ணினார்: ஐங்கோணம் 12, அறுகோணம் 20, மூலை 60! காலையில் அந்தக் காகித உருண்டையைக் கொண்டு போய் நண்பர்களின் முன் மேஜை மேல் போட்டார். இந்த உருவத்துக்கு ஏதேனும் பெயர் உண்டா என்று கணித இலாகாவைக் கேட்டபோது, அது கால்பந்து அல்லவா என்று விடை வந்ததாம். 1996-ல் மூவருக்கும் ரஸாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்புறம் கண்டறிந்த கரி நுண்குழாய்களில், இரு முனையும் மூடிய குழாய்க்கு முனைக்கு ஆறு ஐங்கோணம். சந்தையிலே நாம் கண்ட கூடையும் மூடியும் தவிர வேறென்ன?

இவ்வளவையும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரே மூச்சில் சொல்லி வழக்கை வென்றுவிட வேண்டுமென்று நாம் காத்திருந்தோம். ஆறாம் நாள் மாலை அவர் வந்தபோது பெண் வேறொரு வேலையில் இருந்தாள். மலாய் நாட்டில் பிரம்பால் முடைந்த பந்தைக் காலால் உதைத்து விளையாடுவார்கள். இப்போது பந்தயங்களில் பிளாஸ்டிக் பந்து வந்துவிட்டது, பின்னல் மாறவில்லை. ஐங்கோணத் துவாரம் 12. பிரம்புகள் மும்மூன்றாகக் கூடும் இடம் 20. இத்தனையும் ஆறே பட்டைகளால் ஆனவை. ஒவ்வொரு பட்டையும் பூமத்திய ரேகை போல் பந்தைச் சுற்றி வருகிறது. அதைத்தான் அவள் காகிதத்தில் பின்னிக் கொண்டிருந்தாள்.

செய்ய விரும்பும் வாசகர்களுக்குக் குறிப்பு: கொஞ்சம் தடித்த காகிதத்தில் அரை அங்குல அகலமும் 16 அங்குல நீளமும் உள்ள பட்டை ஆறு. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு குறி. பத்துப் பங்கு போக மிஞ்சும் ஓர் அங்குலம் முனையை ஒட்டுவதற்கு. குறியுள்ள இடத்தில்தான் வேறொரு பட்டை குறுக்கே போகும். ஒரு முறை மேலே, மறுமுறை கீழே. முதலில் ஐந்து பட்டைகளால் ஓர் ஐங்கோணக் கண்ணைக் கட்டி, அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியே ஒரு முக்கோணமும், இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே மறுபடியும் ஐங்கோணமுமாகப் பின்னிக் கொண்டு போக வேண்டும். ஆறாவது பட்டை பந்தின் இடுப்பைச் சுற்றி வரும். துணி உலர்த்தும் கிளிப்பு ஒரு டஜன் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பெரியவர் நாற்காலியில் உட்காரவில்லை. சற்று நேரம் பார்த்துக் கொண்டு நின்றார். பெண் முடிந்த பந்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பி, உதடு அசைய, எண்ணினார்.

"குறுக்கு வெட்டு முப்பது... துண்டு விளிம்பு அறுபது... முகம், முக்கோணம் இருபதும் ஐங்கோணம் பன்னிரண்டும், முப்பத்திரண்டு... முப்பதிலே அறுபது போய் முப்பத்திரண்டைக் கூட்டினா... ரெண்டு!" என்றார். பிறகு நம் பக்கம் திரும்பவே இல்லை. "ஏனம்மா, இன்னும் ஆறு பட்டை இருக்கா?" என்று பெண்ணைக் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

நாம் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கம் அப்படியே நின்றுபோயிற்று. அவர் பின்னிய பந்து மூன்றாவது வரிசையில் கோணிக் கொண்டது. எங்கோ ஓரிடத்தில் ஐந்துக்குப் பதில் ஆறு பக்கமுள்ள கண் விழுந்திருக்கிறது என்று பெண் சொன்னாள். இல்லவே இல்லை, பட்டைதான் நீளம் போதவில்லை என்று அவர் சொன்னார். விளக்கேற்றும் நேரம் வரையில் இருவரும் எண்ணிக் கொண்டிருந்தார்கள். ஆறுதான். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு, முதற் பட்டையிலிருந்து பிரிக்கத் தொடங்கினார்.